காதுல நிக்காத பட்ஸ், காதைக் குத்துற பாட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ இயர்போன் பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு, அதுலயும் "எது வாங்கலாம்"னு கேட்டவங்கள விட "வாங்கிட்டேன், இப்ப என்ன பண்றது"ன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): சார், பட்ஸ் மாத்தி மாத்தி வாங்கிட்டேன், எதுவுமே வலது காதுல நிக்க மாட்டேங்குது. இடது பக்கம் பரவால்ல. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கப்ப ஒண்ணு ரோட்லயே விழுந்து போச்சு. நிக்கிற நேரத்துலயும் பேஸ் வரவே இல்ல. என் காதுதான் கோளாறா?

பதில்: காதுல ஒரு கோளாறும் இல்லீங்க மேடம். ரெண்டு காதும் அச்சு அசலா ஒரே அளவுல இருக்கிற ஆள தேடித்தான் பிடிக்கணும். பொட்டிக்குள்ள எஸ், எம், எல்னு மூணு ஜோடி ரப்பர் டிப் போட்டுத்தான் குடுக்கிறான், நாம என்ன பண்றோம்னா ஏற்கனவே மாட்டி வந்த எம்-ஐ அப்படியே காதுல சொருகிட்டு மிச்சத்த பொட்டியோட பீரோல போட்டுடறோம். மொதல்ல அந்த பொட்டிய எடுங்க. இடதுக்கு எம், வலதுக்கு எல்னு போட்டா யாரும் கேஸ் போட மாட்டாங்க, ரெண்டு பக்கமும் ஒரே சைஸ்தான் போடணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

கழண்டு விழுதுன்னா டிப் சின்னதா இருக்குன்னு மட்டும் நினைக்காதீங்க, பெருசா இருந்தாலும் விழும். பெரிய டிப் ஓட்டைக்குள்ள போகாம வாசல்லயே மடங்கி உக்காரும், வாய அசைச்சா அதுவே வெளிய தள்ளிடும். சின்ன டிப் உள்ள போகும் ஆனா சுத்தி இடைவெளி விட்டுடும். எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. பேஸ் உள்ள பாட்டு ஒண்ணு ஓட விட்டு, பட்ஸ விரலால மெதுவா உள்பக்கம் அழுத்துங்க. அழுத்துறப்ப பேஸ் திடீர்னு கூடுச்சுன்னா உங்களுக்கு சீல் ஆகல, சத்தம் வெளிய கசியுது. அழுத்துனாலும் பெருசா வித்தியாசம் இல்லன்னா சீல் ஆயிடுச்சு. இன்னும் துல்லியமா பாக்கணும்னா ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ண போட்டு 50 ஹெர்ட்ஸ் வைங்க, ரெண்டு காதுலயும் சமமா "ம்ம்ம்"னு கேக்கணும், ஒரு பக்கம் மங்கலா கேட்டா அந்த பக்கம் டிப்ப மாத்துங்க.

பேஸ் வராததுக்கும் இதேதான் காரணம். உள்ள இருக்கிற டிரைவர், அதாவது சத்தம் எழுப்பற குட்டி ஸ்பீக்கர், சுண்டைக்காய் அளவு, அது பேஸ் குடுக்கணும்னா அதுக்கும் உங்க செவிப்பறைக்கும் நடுவுல இருக்கிற கொஞ்சூண்டு காத்த இறுக்கித் தள்ளணும். வாஷர் போன சைக்கிள் பம்ப எவ்வளவு வேகமா அடிச்சாலும் ட்யூப் வீங்காதுல்ல, அதே கதைதான், ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் மொத்தமும் போயிடும், ட்ரெபிள், அதாவது கீச்சு சத்தம், மட்டும் மிஞ்சும். ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்குனத "தகர டப்பா சத்தம்"னு வித்துட்டு போறவங்க பல பேருக்கு பிரச்சினை டிப்போட முடிஞ்சிருக்கும்.

போடுற விதமும் இருக்கு. காதுக்குழாய் பெரியவங்களுக்கு சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம், நேரா போகாது, வளைஞ்சு நெளிஞ்சு போகும். வலது காதுக்கு போடறப்ப இடது கைய தலைக்கு மேல கொண்டுபோய் காது மடல மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சா அந்த வளைவு நிமிரும், அப்ப கொஞ்சம் திருகி உள்ள விட்டு மடல விட்டுடுங்க. பஸ்ல பாக்கிறவங்க யோகா பண்றாங்கன்னு நினைப்பாங்க, பரவால்ல.

எல்லா சைஸும் போட்டுப் பாத்தும் நிக்கலன்னா தனியா டிப் வாங்கலாம், ஸ்பின்ஃபிட், அஸ்லான்னு கம்பெனிங்க டிப் மட்டுமே விக்குது. ஆனா வயர்லெஸ் பட்ஸுக்கு வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க, சாதா டிப் கொஞ்சம் உயரம் ஜாஸ்தி, அத மாட்டினா பட்ஸ் சார்ஜ் பண்ற கேஸுக்குள்ள சரியா உக்காராது, மூடி மூடாது இல்ல சார்ஜ் ஏறாது. வயர்லெஸுக்குன்னே குட்டையா செய்யற டிப்பா பாத்து கேளுங்க.

இதுக்கு மேலயும் சரி வரலன்னா டிப் பிரச்சினை இல்ல, பட்ஸோட உடம்பே உங்க காது மடல் குழில உக்காரல. இப்ப வர்ற பட்ஸ் பலதும் பேட்டரி, மைக் எல்லாம் அடைச்சு தொப்பையும் தொந்தியுமா இருக்கு. சின்ன காதுக்கு குச்சி மாதிரி மெலிசான வயர்டு இயர்போன் ரொம்ப நல்லா பொருந்தும், ஜப்பான் கம்பெனி ஃபைனலோட இ500, இ1000 எல்லாம் அந்த ரகம். வயர் தொந்தரவுதான், ஆனா ரோட்ல விழாது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அண்ணா, ரிவ்யூல எல்லாரும் ஓகோன்னு புகழ்ந்த வயர்டு ஐஈஎம் (இன்-இயர் மானிட்டர், காதுக்குள்ள சொருகற இயர்போன்) ரெண்டாயிரம் ரூபாய் பக்கம் குடுத்து வாங்குனேன். பாட்டுல "ஸ", "ச" வர்றப்பல்லாம் காதைக் குத்துது. ஃப்ரெண்டு அதே பீஸ கேட்டுட்டு செமயா இருக்குங்கறான். எனக்கு மட்டும் ஏன்? நூறு மணி நேரம் பர்ன்-இன் பண்ணா, அதாவது விடாம பாட்டு ஓட விட்டா, சரியாயிடுமா?

பதில்: தம்பி, உன் ஃப்ரெண்டும் பொய் சொல்லல நீயும் பொய் சொல்லல. இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மிஞ்சற குழாய் இருக்குல்ல, அது தன் பங்குக்கு ஒரு குறிப்பிட்ட ஒலிய தூக்கிக் குடுக்கும். அந்த மிச்சக் குழாய் நீளமா இருந்தா தூக்கல் கீழ இறங்கும், குட்டையா இருந்தா மேல ஏறும். நீ மேலோட்டமா போட்டிருந்தா அது 6, 7 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வந்து உக்காரும், "ஸ"வோட கூர்மை எல்லாம் அந்த ஏரியாலதான் இருக்கு. உன் ஃப்ரெண்டு ஆழமா போட்டிருப்பான், இல்ல அவன் காது அமைப்பு வேற.

ரிவ்யூ பண்றவங்க காட்ற கிராஃப்லயும் இதேதான். அவங்க காதுல அளக்கல, ஐஈசி 60318-4ன்னு ஒரு தரத்துல செஞ்ச உலோகக் குழாய்ல மாட்டி அளக்கிறாங்க, அந்த வட்டாரத்துல "711"னு சொல்வாங்க. அந்த கிராஃப்ல 8 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு பல இயர்போன்ல பாத்திருப்ப, அது பாதிக்கு மேல அந்த குழாயோட வேலை, எவ்வளவு ஆழம் மாட்டுனோமோ அதுக்கு தகுந்த மாதிரி நகரும். அதே மாதிரி ஹார்மன் டார்கெட்னு ஒரு கோடு போட்டு "இதோட ஒத்துப் போகுது பாருங்க"ன்னு சொல்வாங்க. ஹார்மன் கம்பெனில ஷான் ஆலிவ் டீம் நிறைய பேர உக்கார வச்சு கேக்க விட்டு, பெரும்பாலானவங்களுக்கு பிடிச்சது இதுன்னு கண்டுபிடிச்ச கோடு அது, நல்ல வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா பெரும்பாலானவங்கங்கறதுல நீ இருக்கியா இல்லையான்னு அந்த கோட்டுக்கு தெரியாது.

பர்ன்-இன் வேண்டாம் தம்பி, கரண்டுக்கு கேடு. நூறு மணி நேரத்துல இயர்போன் மாறுறத விட உன் காது அந்த சத்தத்துக்கு பழகிடும், அததான் பல பேரு "செட் ஆயிடுச்சு"ங்கறாங்க.

இத பண்ணு. ஒரு சைஸ் சின்ன டிப்ப போட்டு இன்னும் ஆழமா விட்டுப் பாரு, வலிக்கற வரைக்கும் இல்ல. அப்பவும் குத்துனா ஃபோம் டிப், அதாவது அந்த பஞ்சு மாதிரி இருக்கிறது. விரல்ல உருட்டி ஒல்லியாக்கி உள்ள விட்டு அது விரியற வரைக்கும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கணும். ஃபோம் ட்ரெபிள கொஞ்சம் உறிஞ்சிக்கும், உனக்கு வேண்டியதும் அதுதான். ஆனா அழுக்காயிடும், நம்ம ஊர் வேர்வைக்கு சீக்கிரமே நைஞ்சு போயிடும், சில மாசத்துக்கு ஒரு தடவ புதுசு வாங்கற செலவு இருக்கு.

அதுலயும் அடங்கலன்னா ஈக்வலைசர், அதாவது எந்த ஒலி கூடணும் குறையணும்னு மாத்தற வசதி. ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஆப் இருக்கு, நிறைய இயர்போனுக்கு ரெடிமேட் திருத்தம் அதுலயே வரும். ஆனா நான் சொல்றது என்னன்னா ரெடிமேட விட உன் காதுக்கே தேடிக்க. டோன் ஜெனரேட்டர்ல வால்யூம நல்லா குறைச்சு வச்சுக்கிட்டு 4 ஆயிரத்துல இருந்து 10 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா நகர்த்து, எந்த இடத்துல சத்தம் திடுக்குனு எகிறுதோ அத குறிச்சுக்க, அந்த இடத்த மட்டும் 3 டெசிபல் இறக்கு. மொத்த ட்ரெபிளையும் இறக்கிடாத, அப்புறம் போர்வைய போத்திக்கிட்டு கேட்ட மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, ரெண்டு இயர்போன ஒப்பிடறப்ப வால்யூம சமமா வச்சுக்க. கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், கடைக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): இயர்போன் போட்டுக்கிட்டு எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடந்தா என் காலடி சத்தம் எனக்கே தம் தம்முனு கேக்குது, ஏதாச்சும் மென்னாலும் அப்படித்தான். ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல. நடக்கிறப்ப, பேசறப்ப, மெல்லுறப்ப எலும்பு வழியா வர்ற அதிர்வு காதுக்குழாய்க்குள்ளயும் வரும், சாதாரணமா அது வாசல் வழியா வெளிய போயிடும். நீங்க வாசல அடைச்சுட்டீங்க, அது உள்ளயே சுத்துது. சொல்லப்போனா உங்க டிப் நல்லா சீல் ஆயிருக்குங்கறதுக்கு இதுதான் சாட்சி! பட்ஸ்ல வெளி சத்தத்த உள்ள விடற டிரான்ஸ்பரன்சி மோடு இருந்தா அத போட்டா ஓரளவு குறையும். வயர்டுன்னா வயர் சட்டைல உரசற சத்தமும் இதோட சேரும், வயர காதுக்கு மேல சுத்தி பின்பக்கமா விட்டா உரசல் பெரும்பாலும் போயிடும். நடக்கவும் ஓடவும் மட்டும்தான்னா காத அடைக்காத டைப்ப எடுங்க, ஷாக்ஸ் மாதிரி கன்னத்து எலும்பு மேல உக்காரற ரகம். பேஸ் சுமார்தான், ஆனா பின்னாடி வர்ற சைக்கிள் பெல் கேக்கும்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பி, கச்சேரி கேக்கிறதுக்குன்னு பேரன் ப்ளூடூத் இயர்போன் வாங்கிக் குடுத்தான். இடது காதுல சத்தம் கம்மியா வருது. மிருதங்கத்தோட தொப்பி (இடது பக்கம்) சத்தம் வீங்கி வந்து பாட்டையே மூடிடுது. வேற நல்லதா சொல்லுங்க.

பதில்: ஐயா, வேற வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. இடதுல போடறத வலது காதுல போட்டுப் பாருங்க, சரியா நிக்காது, கையால பிடிச்சுக்கலாம். வலது காதுலயும் சத்தம் கம்மியா வந்தா குறை இயர்போன்ல. டிப்ப கழட்டினா முனையில ஒரு சின்ன வலை தெரியும், அதுல குறும்பி அடைச்சிருக்கும். வலை கீழ பாக்கிற மாதிரி கவுத்து பிடிச்சு காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தட்டி விடுங்க. ஊசி, பின் வேண்டாம், வாயால ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ள போயிடும்.

வலது காதுல நல்லா கேட்டு, இடது காதுல எத போட்டாலும் கம்மின்னா அது காது சமாச்சாரம். குறும்பி அடைப்பாவும் இருக்கலாம், அதுக்கு பட்ஸ் குச்சி, ஹேர்பின், காய்ச்சுன எண்ணெய் எதுவும் வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டர் எடுத்து விட்டுடுவார். ஒருவேளை நேத்து வரைக்கும் நல்லா கேட்டு இன்னைக்கு திடீர்னு ஒரு காது மந்தமாச்சுன்னா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, அதுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாதான் பலன் இருக்கும்.

தொப்பி விஷயம் உங்க காதோட தப்பு இல்ல. இப்ப விக்கிற பட்ஸ் எல்லாம் குத்துப் பாட்டுக்கு ட்யூன் பண்ணி வருது, பேஸ ஏத்தி வச்சிருக்கான். சினிமா பாட்டுக்கு ஜோரா இருக்கும், கச்சேரில தொப்பியோட கும்கி நாதம் மட்டும் ஊதிப் போய் பாடறவர் எங்கயோ திரைக்குப் பின்னாடி நின்னு பாடற மாதிரி ஆயிடும். பேரன்கிட்ட சொல்லி அந்த கம்பெனி ஆப்ல பேஸ குறைச்சு "வோக்கல்" மாதிரி ஒரு செட்டிங் இருந்தா போடச் சொல்லுங்க, பாதி சரியாயிடும். அப்பவும் திருப்தி இல்லன்னா எட்டிமோட்டிக்னு அமெரிக்க கம்பெனி ஒண்ணு இருக்கு, காது கேக்கும் கருவி ஆராய்ச்சில இருந்து வந்தவங்க, 1991லயே ஈஆர்-4ன்னு ஒரு இயர்போன் விட்டாங்க, குரல், வயலின், வீணைக்கெல்லாம் இவங்க சத்தம் அப்பழுக்கில்லாம இருக்கும். ஒரே சங்கடம், மூணு அடுக்கு ரப்பர், காதுக்குள்ள ரொம்ப ஆழமா போகும், சில பேருக்கு அந்த உணர்ச்சியே பிடிக்காது. முடிஞ்சா போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

கேள்வி (மதுரை, மெல்லிசைக் குழு கீபோர்டு கலைஞர்): மேடைல மானிட்டர் ஸ்பீக்கர் சத்தம் தாங்கல, இன்-இயருக்கு மாறலாம்னு இருக்கேன். நம்ம காதுக்கே அச்சு எடுத்து செய்யற கஸ்டம் இயர்போனே வேணுமா, சாதா ஐஈஎம் போதுமா? ஒரு பக்கம் மட்டும் போட்டுக்கிட்டா மத்தவங்க வாசிக்கிறதும் கேக்கும்ல?

பதில்: கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன்: ஒரு பக்கம் மட்டும் போடாதீங்க. ரெண்டு காதுலயும் கேட்டா மூளை சேத்து வச்சு சத்தமா உணரும், ஒரு காதுல மட்டும் போட்டா அதே அளவுக்கு கேக்கணும்னு அந்த பக்கம் வால்யூம ஏத்துவீங்க, திறந்திருக்கிற காதுல டிரம்ஸ் சத்தம் நேரா அடிக்கும். ரெண்டு காதுக்கும் நஷ்டம். அமெரிக்காவுல தொழில் பாதுகாப்புக்குன்னு இருக்கிற நியோஷ் சொல்ற கணக்கு என்னன்னா 85 டெசிபல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுனாலும் நேரம் பாதியாகும். அப்படி போட்டா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்தான். திருவிழா மேடைல ராத்திரி முழுக்க என்ன சத்தத்துல நிக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கஸ்டம் மேடைக்குன்னே பிறந்த சரக்குதான். 1995ல அமெரிக்க ராக் குழு வான் ஹேலனோட மானிட்டர் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு மேடை சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு ஒரு ஜோடி செஞ்சு குடுக்கப் போய்த்தான் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனியே உருவாச்சு. காதுக்குள்ள மாவு மாதிரி ஒரு பசைய விட்டு ஆடியாலஜிஸ்ட் அச்சு எடுப்பாங்க. பாடறவங்கன்னா வாய திறந்த நிலைல அச்சு எடுக்கணும், வாய் அசைஞ்சா குழாய் வடிவம் மாறும், மூடின வாய்க்கு எடுத்த அச்சு பாடறப்ப கசியும். உங்களுக்கு கோரஸ் பாடற வேலையும் இருந்தா அத மறக்காம சொல்லுங்க.

ஆனா செலவு பெருசு, அச்சு சரியா விழலன்னா திருப்பி அனுப்பி அலையணும், காதும் வருஷங்கள்ல வடிவம் மாறும். ஆரம்பத்துக்கு சாதா ஐஈஎம், நல்ல ஃபோம் டிப், கழட்டி மாட்டற வயர், இது போதும். கீபோர்டுல இடது கை பேஸும் நீங்கதான் வாசிப்பீங்க, அதனால சீல் உங்களுக்கு ரொம்ப முக்கியம். மத்தவங்க வாசிக்கிறது கேக்கலன்னு தோணுச்சுன்னா மிக்சர்காரர்கிட்ட சொல்லி மேடைய பாக்க ஒரு மைக் வச்சு அத உங்க மிக்ஸ்ல கொஞ்சமா கலந்து விடச் சொல்லுங்க.

கேள்வி (பெங்களூர் ஐடி வாசகி): பாட்டு கேக்கிறப்ப சூப்பரா இருக்கிற பட்ஸ், லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்சதும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுதே?

பதில்: மைக் ஆன் ஆனதும் ப்ளூடூத் பாட்டு மோடுல இருந்து கால் மோடுக்கு தாவிடுது, அந்த மோடுல பேச்சுக்கு மட்டும்தான் இடம், ஸ்டீரியோவும் போயிடும். லேப்டாப்ல மீட்டிங் செட்டிங்க திறந்து மைக்க மட்டும் லேப்டாப்போட மைக்குக்கு மாத்துங்க, காதுக்கு பட்ஸே இருக்கட்டும். உடனே சரியாயிடும்.

கேள்வி (சென்னை வாசகர்): நாள் பூரா இயர்போன், இப்ப காதுல ஒரே அரிப்பு. டிப் அலர்ஜியா?

பதில்: இருக்கலாம், ஆனா சென்னை புழுக்கத்துல காதுக்குள்ள பூஞ்சை வர்றதும் சகஜம்தான், ஈரத்தோட அடைச்சு வச்சா அதுக்கு கொண்டாட்டம். அரிப்பு நிக்கற வரைக்கும் இயர்போன ஓரமா வைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. குளிச்ச உடனே, ஜிம்ல வேர்க்க வேர்க்க போடாதீங்க. சிலிக்கான் டிப்ப கழட்டி சோப்புத் தண்ணில கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க, ஃபோம் டிப்ப கழுவ வேண்டாம், தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. வீட்ல ஒருத்தர் பட்ஸ இன்னொருத்தர் போடற பழக்கமும் இருந்தா அதையும் நிறுத்திக்கங்க.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): அண்ணா, 500 ரூபாய்தான் இருக்கு. வயர்லெஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் தங்கச்சி, ஆனா அந்த காசுல பேட்டரி, சிப், மைக், கேஸ் எல்லாத்துக்கும் பங்கு போயிட்டு சத்தத்துக்கு மிஞ்சறது ரொம்ப கொஞ்சம். வயர்டு எடு. உன் ஃபோன்ல 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லன்னா டைப்-சி கன்வெர்ட்டர் வேணும், அதுல டாக் சிப் (டிஜிட்டல் பாட்ட இயர்போனுக்கு ஏத்த சிக்னலா மாத்தறது) உள்ளதான்னு கேட்டு வாங்கு, சிப் இல்லாத வெறும் வயர் கன்வெர்ட்டர் பல ஃபோன்ல வேலையே செய்யாது. ஆப்பிளோடது நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், ஆனா ஆண்ட்ராய்டு ஃபோன் நிறையல அதுல வால்யூம் குறைவா வரும், ஃப்ரெண்டுகிட்ட இருந்தா உன் ஃபோன்ல ஒரு தடவ மாட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு.